இடப்பக்கம் மூடும் வால்வு

கார்ரா ஆறு நாற ஆரம்பித்ததும் ஆற்றோரப் பால் பண்ணைக்காரன் டெஸ்ஸின் மாடுகள் மேல் புகார் எழுதியது நான்தான். முதல் கையெழுத்தும் என்னுடையது. எங்கள் ஊர்க் கழிவுநீர் நிலையத்தை இருபத்திரண்டு வருடம் நடத்தியவள் சொன்னால் யார் மறுப்பார்கள்? நிலையத்தை மூடி எட்டு மாதம் ஆகியிருந்தது. ஊர்க் கழிவெல்லாம் இப்போது குழாயில் டவுன் நிலையத்துக்குப் போகிறது; எனக்கும் இப்போது அங்கேதான் வேலை. மாட்டை விட்டால் ஆற்றைக் கெடுக்க வேறு என்ன இருக்கிறது?

வெள்ளிக்கிழமைக்குள் மாடுகளை ஆற்றோரத்திலிருந்து ஓட்டிவிட வேண்டும் என்று கவுன்சில் டெஸ்ஸுக்குக் கடிதம் அனுப்பியது. அவனுக்கு வேறு தண்ணீர் கிடையாது. பால் பண்ணையை இழுத்து மூட வேண்டியதுதான்.

வியாழக்கிழமை காலை என் வேலியோரம் வந்து நின்றான்.

“மேவிஸ், காலம்பூரா தண்ணியப் பாட்டில்ல புடிச்சுப் பாத்தவதானே நீ? என் பண்ணத் தண்ணியப் புடிச்சுப் பாத்தியா?”

“நாத்தத்துக்குப் பாட்டில் வேற வேணுமாய்யா?”

“புடிச்சுப் பாரு. அப்புறம் பேசு.”

வீம்புக்குத்தான் போனேன். பண்ணைக்கு மேலே ஒரு பாட்டில், கீழே ஒரு பாட்டில். இரண்டிலும் கலங்கல் இல்லை, நாற்றமும் இல்லை. எனக்குச் சுருக்கென்றது. கரையோடு இன்னும் கீழே நடந்தேன். என் பழைய நிலையத்துக்குப் பக்கத்தில் நாணல் கறுத்துக் கிடந்தது. நடுவே குழாயிலிருந்து சாம்பல் நிறத்தில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

நிலையத்தின் கழிவுக் குட்டையிலிருந்து ஆற்றுக்கு வரும் குழாய்; குட்டையில் பழைய கழிவு இன்னும் கிடக்கிறது. அதன் வால்வை மூடிவிட்டுத்தானே பூட்டினேன்?

வேலி ஏறிக் குதித்தேன். சக்கரத்தை வலப்பக்கம் திருப்பினேன். அசையவில்லை. அப்போதுதான் உறைத்தது. எங்கள் ஊர் வால்வுகள் இடப்பக்கம் திருப்பினால் மூடும். டவுனில் வலப்பக்கம். கடைசியாகப் பூட்ட வருவதற்கு முன் டவுன் நிலையத்தில் மூன்று மாதம் பழகிய கை, பாதி திறந்திருந்த வால்வை முழுக்கத் திறந்துவிட்டு, இறுகியதும் மூடியாயிற்று என்று நம்பியிருக்கிறது.

இடப்பக்கம் இருபது சுற்று. ஓட்டம் நின்றது. இனி ஆறு தானாகத் தெளியும், யாருக்கும் எதுவும் தெரியாது. அந்த நினைப்பு எனக்கு வந்ததே, அதற்குத்தான் இன்றைக்கும் வெட்கப்படுகிறேன்.

நேரே டெஸ்ஸிடம் போய்ச் சொன்னேன். அவன் கொட்டகையைக் கழுவிக்கொண்டே கேட்டான்.

“உன் புகாருக்கு அப்புறம் கடையில என் பொண்டாட்டி மூஞ்சிய ஒருத்தரும் பாக்கல, தெரியுமா?”

“சாயந்தரம் கவுன்சில் கூட்டத்துல எந்திரிச்சுச் சொல்லப்போறேன்.”

“டவுன் வேல போயிடும்.”

“போனாப் போகுது.”

“அப்ப அங்க போய்ச் சொல்லு. எங்கிட்ட எதுக்கு?”

கூட்டத்தில் அதிகாரி கோப்பைத் திறக்கும் முன்பே எழுந்தேன்.

“என் கையெழுத்த அடிச்சிருங்க. ஆத்தக் கெடுத்தது மாடு இல்ல, நான். எப்படின்னு சொல்றேன், எழுதிக்கங்க.”

“உக்காரு மேவிஸ், அப்புறம் பேசிக்கலாம்.”

“அவனுக்கு அனுப்பின கடிதத்த ரத்து பண்ணுங்க. அதுவரைக்கும் உக்காரமாட்டேன்.”

ஒரு மணி நேரம் நின்றேன். ரத்து செய்தார்கள். அடுத்த வாரம் என் வேலையும் போயிற்று.

டெஸ் இதுவரை என்னோடு பேசவில்லை. பேச வேண்டாம். கெடு வைத்திருந்த அந்த வெள்ளிக்கிழமை அவன் மாடுகள் ஆற்றில் இறங்கித் தண்ணீர் குடித்ததை எதிர்க்கரையில் நின்று பார்த்தேன்.