இரண்டு கையெழுத்து வேண்டிய பாடம்

1.
உண்மையை ஒப்புக்கொள்கிறேன். உள்நாட்டுப் போர்கள் ஏன் மூள்கின்றன, எப்படித் தடுப்பது என்று கட்டுரை எழுதத்தான் உட்கார்ந்தேன். மூன்றாம் வரியில் எனக்கே கொட்டாவி வந்துவிட்டது. கட்டுரையை ஓரங்கட்டிவிட்டு, பாடநூல் அலுவலகத்தில் ஓர் அறையைப் பிடித்தேன். ஒரு மேசை, இரண்டு நாற்காலி, முனகும் மின்விசிறி.

நாற்காலிகளில் கரைப்பக்கத்து டீச்சரும் மேட்டுப்பக்கத்து வாத்தியாரும். இரு பக்கமும் அடித்துக்கொண்ட போர் முடிந்து ஆறு வருஷம். எல்லாப் பிள்ளைகளுக்கும் அதைப் பற்றி ஒரே பாடம் எழுத வேண்டும். வரிக்கு வரி இருவரும் கையெழுத்திட்டால்தான் அச்சேறும். இன்று மாலைக்குள் முடியாவிட்டால் ஆளுக்கொரு புத்தகம். பிள்ளைகள் ஆளுக்கொரு போரைப் படிப்பார்கள். டீச்சருக்கு அந்தக் கவலைதான்.

2.
முதல் கல்லை எறிந்தது— (டீச்சர் கோடு போட்டு அடித்துவிட்டார்.)
முதல் வீட்டைக் கொளுத்தியது— (வாத்தியார் அடித்துவிட்டார்.)

[வாத்தியாருக்கு முதலில் முறுக்கு மீசை வைத்திருந்தேன். வில்லன் களை வந்துவிட்டது. நான் யார் பக்கம் என்று நீங்கள் கேட்பதற்குள் மழித்துவிட்டேன்.]

பதினெட்டு நாளில் இரண்டு கையெழுத்தும் விழுந்த வரி ஒன்றே ஒன்று: 'அன்று மழை பெய்தது.' தட்டச்சுக்கார அம்மா அதை மட்டும் சிரத்தையாக அடித்து, தாளின் நடுவில் வைத்துக் கொண்டுவந்தார். டீச்சருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க பக்கம் வெறும் தூறல்தான் டீச்சர். போனாப் போகுதுன்னு போட்டேன்," என்றார் வாத்தியார்.

3.
சிரித்த வாயோடு டீச்சர் ஒரு யோசனை சொன்னார்: அவரவர் பட்டதை விட்டுவிட்டு, அவரவர் தரப்பு செய்ததை எழுதுவோம். சொன்னவரே முதலில் எழுதினார்: 'எங்கள் பையன்கள் ஒரு பேருந்தைக் கொளுத்தினார்கள். உள்ளே ஆட்கள் இருந்தது தெரியும்.'

பிறகு வாத்தியார் எழுதினார்: 'அதற்கு முன் பதினோரு வருஷம் கரைக்காரர்கள் வேலை கேட்டும் நிலம் கேட்டும் மனுக் கொடுத்தார்கள். எங்கள் ஆட்கள் இருந்த அரசு அலுவலகம் ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.'

"அதுல எங்க அப்பா எழுதினது நாலு இருக்கும்," என்றார் டீச்சர்.

"இருக்கும் டீச்சர். அப்போ நான் அங்க கிளார்க். பீரோவுல வெச்சுப் பூட்டினது நான்தான்."

டீச்சருக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்த வரிக்குக் கையெழுத்துப் போட்டார். அவர் வரிக்கு வாத்தியாரும் போட்டார்.*

* கட்டுரையாக இருந்தால் இதற்கு நாற்பது பக்கம் இழுத்திருப்பேன்.

4.
மிச்சம் இருப்பது கடைசி வரி: எப்படித் தடுப்பது?

முடிவு ஒன்று: இருவரும் கட்டித் தழுவி— (நானே நம்பவில்லை.)
முடிவு இரண்டு: மறுபடி சண்டை, ஆளுக்கொரு புத்தகம். (இதை எழுத எனக்கு மனசில்லை.)

'மனுவை அன்றே பிரித்துப் படிக்க வேண்டும்' என்றார் டீச்சர். 'பதிலும் போட வேண்டும்' என்று சேர்த்தார் வாத்தியார். அது மட்டும் போதாது என்று இருவருக்குமே பட்டது. அதற்குக் கீழே ஒரு வரியைப் பிள்ளைகளுக்காகக் காலியாக விட்டார்கள்.

விதிப்படி அதற்கும் கையெழுத்து வேண்டுமே என்றார் தட்டச்சுக்கார அம்மா. ஒரு தூறலுக்குப் பதினெட்டு நாள் மல்லுக்கட்டிய இருவரும், பிள்ளைகள் என்ன எழுதப்போகிறார்கள் என்று கேட்காமலே அந்தக் காலி வரிக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

அந்த வரி இதோ. பேனா உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

..............................