கையில் சுற்றிய துணி

கூரையில்லாத கோயிலுக்குள்ளும் சப்பாத்தைக் கழற்றத்தான் வேண்டுமோ? கழற்றினால் நான் சம்மதித்துவிட்டேன் என்று பிள்ளை நினைப்பாள். கழற்றாவிட்டால், இவ்வளவு நேரமும் நான் மிதித்துக்கொண்டு திரிவது எதை?

சுசீலாதேவிக்கு நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. முழங்கால் உயரம் மட்டுமே எஞ்சிக் கிடந்த மடத்துச் சுவர்களின் ஓரமாக நடந்தாள், திரும்பினாள், மறுபடியும் நடந்தாள். விபோர்க் நகரத்திலிருந்து கார் ஓட்டி வந்தபோதும் இப்படித்தான். பாட்டைப் போட்டாள், நிறுத்தினாள், கண்ணாடியை இறக்கினாள், ஏற்றினாள்.

எண்ணூறு வருடங்களுக்கு முன் துறவிகள் காடு வெட்டிக் கட்டிய மடம். பிறகு ஓர் அரசன் நாட்டின் மதத்தை மாற்றி மடங்களை மூடியதும் கல்லுக் கல்லாகப் பிடுங்கிக்கொண்டு போய்விட்டார்களாம். இப்போது பக்கத்துப் பண்ணைவீட்டில் நாலு பெண்கள் புதிதாக ஒரு துறவற சபை தொடங்குகிறார்கள். அதில் ஒருத்தி அவளுடைய மகள் நிலக்சி.

"அம்மா, ஒரு இடத்தில இருங்கோவன்."

"அதுதான் நீ இருக்கப் போறியே. போதாதோ?"

"நீங்கள்தானே சின்னனில என்னை மாதாவிட்டக் கூட்டிக்கொண்டு போனனீங்கள்."

"நீ சோதினை பாஸ் பண்ண நேத்திக்கடன் வைச்சனான். மெழுகுதிரிதான் தாறன் எண்டு சொன்னனான். உன்னை இல்லை."

நிலக்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தபடியே பையிலிருந்து ஒரு வெள்ளைத் துணியை எடுத்தாள். பழைய மடங்களில் பிள்ளையை ஒப்படைக்க வரும் பெற்றோர், அதன் கையைப் பலிபீடத்துத் துணியால் சுற்றிக் கொடுப்பார்களாம். அந்த வழக்கத்தைத் திரும்பவும் தொடங்க நால்வரும் தீர்மானித்திருந்தார்கள்.

"ஞாயிற்றுக்கிழமை எல்லாற்ற அம்மாமாரும் செய்யினம். கையைச் சுத்தி, மூத்த சிஸ்டரிட்டப் பிடிச்சுக் குடுக்கவேணும். அவ்வளவுதான்."

கொழும்பில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் ஏஜென்சிக்காரனிடம் சுசீலாதேவியைப் பிடித்துக் கொடுத்தபோது அவளுடைய அப்பாவும் அவ்வளவுதான் என்றார். அவன் இன்னொருவனிடம் கொடுத்தான். கடைசியில் பனி கொட்டிய ஒரு விமான நிலையத்தில், படத்தில் மட்டும் பார்த்திருந்த மாப்பிள்ளை சண்முகலிங்கத்திடம் வந்து சேர்ந்தாள். நல்ல மனிதர்தான். குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் முப்பது வருடமாகியும், யாரோ கொண்டுவந்து வைத்த இடத்தில் இருக்கிறோம் என்ற நினைப்பு அவளை எந்தக் கதிரையிலும் சாய்ந்து இருக்கவிடவில்லை. அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் தானாகவே வந்திருப்பாளோ என்னவோ. அதை இனி அறிய வழியில்லை.

நிலக்சி கையை நீட்டினாள். "ஒருக்கால் செய்து பாப்பம்."

சுசீலாதேவி துணியை ஒரு சுற்றுச் சுற்றினாள். பிள்ளையின் சூடான, அவசரமில்லாத கை. பிறகு அவிழ்த்தாள். மடித்து அந்தக் கையிலேயே வைத்தாள்.

"கோவமோ அம்மா?"

"இல்லை. ஞாயிறு வருவன். முன்னுக்குத்தான் இருப்பன்." சுவரோரமாக மறுபடியும் நடக்கத் தொடங்கினாள். "நீயா நடந்து போ, பிள்ளை. நான் குடுக்கமாட்டன்."