மூன்று விரலுக்கு நாலு கட்டை

மில் இயந்திரம் கண்ணையனின் வலது கையிலிருந்து சுண்டுவிரலையும் மோதிர விரலையும் பறித்துக்கொண்டபோது, "உசுரு தப்பிச்சதே பெரிசு" என்று சொல்லாதவர் முதலியார்பேட்டையில் கிடையாது. சொல்பவர்களுக்கென்ன, சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். மில்காரர்கள் அவனைத் திரும்பச் சேர்க்கவில்லை. மிச்சம் இருந்தது பியானோதான். பிரெஞ்சுக்காரர் கிளப்பில் சனிக்கிழமைதோறும் வாசித்த கை அது. அவர்கள் கப்பலேறி நாலு வருஷமாகிவிட்டது.

மதராஸ் ஓட்டல் ஒன்றின் வாத்தியக் குழுவுக்கு பியானோக்காரர் தேடி அதன் தலைவர் ஜானகிராமன் கிளப்புக்கு வரப்போவதாகத் தெரிந்ததும், பத்து நாள் அங்கேயே பியானோமுன் கிடையாய்க் கிடந்து பழகினான். டான்ஸ் பாட்டை முடிக்கும் அக்கோரில், அதாவது பல கட்டைகளை ஒரே நேரத்தில் அழுத்தும் சுரக்கூட்டில், தோ, மி, சோல் மூன்றோடு லாவும் சேர வேண்டும். அது சேராவிட்டால் பாட்டு உப்பில்லாத குழம்பு. இடது கைக்குக் கீழ்க்கட்டைகளில் தாள வேலை, உதவிக்கு வராது. மூன்று விரலுக்கு நாலு கட்டை, எங்கே போவான்?

பத்தாம் நாள் வழி பிடிபட்டது. சோலும் லாவும் அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள். பெருவிரலைப் படுக்கப்போட்டு இரண்டையும் சேர்த்து அழுத்தினான். மேலே தோவுக்கு ஆள்காட்டி விரல், மிக்கு நடுவிரல். அக்கோர் முழுசாக ஒலித்தது. பாவி மனுஷன் உட்கார்ந்து அழுதுவிட்டான். வீட்டில் அவன் பெண்சாதி அஞ்சலாட்சி அன்றைக்கே மதராசுக்குப் படுக்கையைச் சுருட்டிக் கட்டிவிட்டாள்.

மறுநாள் ஜானகிராமன் பியானோவுக்கு எதிர்ப்பக்கம் நாற்காலி போட்டுக்கொண்டார். கை அவர் கண்ணில் படவில்லை.

"நல்லா வாசிக்கிறப்பா. கடைசியில அந்த லா அழகா உக்காந்திருக்கு."

கண்ணையனுக்கு மூச்சு வந்தது.

"எங்க பாட்டுக்காரம்மாவுக்கு இந்தச் சுருதி ஒத்துவராது. அதையே மி பெமோல் சுருதியில வாசி பாப்போம்."

கண்ணையன் கட்டைகளைப் பார்த்தான். அந்தச் சுருதியில் பெருவிரலுக்கு வரவேண்டிய இரண்டில் ஒன்று கறுப்புக் கட்டை, ஒன்று வெள்ளை. நடுவில் வேண்டாத வெள்ளை ஒன்று. அது தெரிந்தேதான் வாசித்தான். கடைசியில் பெருவிரல் மூன்றையும் சேர்த்து அழுத்த, சத்தம் நாராசமாக விழுந்தது.

"இன்னொரு தபா."

மறுபடியும் அதே நாராசம்.

ஜானகிராமன் எழுந்து சுற்றி வந்து கையைப் பார்த்தார்.

"மில்லுலயா?"

"ஆமாங்க."

"அந்தம்மா ராத்திரிக்கு ராத்திரி சுருதி மாத்தும்பா. நான் என்ன பண்ணட்டும்?"

அவர்மேல் கோபப்படக்கூட வழியில்லை. கண்ணையன் பியானோவை மூடிவிட்டு முதலியார்பேட்டைக்கு நடந்தான். அஞ்சலாட்சி வாசலிலேயே நின்றிருந்தாள்.

"எப்ப கெளம்புறோம்?"

அவன் உள்ளே போய், படுக்கைச் சுருளில் அவள் இறுக்கிப் போட்டிருந்த முடிச்சை மூன்று விரலால் அவிழ்க்கத் தொடங்கினான். அது வரவில்லை. அவளே வந்து அவிழ்த்தாள்.