ஆளி விதையின் மேல் நின்றவன்

"டீ ஆறுது மச்சான். அப்புறம் எங்கக்காவைக் குத்தம் சொல்லக் கூடாது" என்று கீழேயிருந்து தம்பி கத்தினான்.

"உங்கக்கா போட்ட டீ சூடா இருந்தாலும் அப்படித்தான்டா இருக்கும்!" ஏணியிலிருந்து பதில் வந்தது.

எண்ணெய் டின்களின் வாயைத் துடைத்துக்கொண்டிருந்த அவள், "இறங்கி வாங்க, வச்சுக்கிறேன்" என்றாள். கணவன் சிரித்தபடியே விதைத் தொட்டியின் விளிம்பைத் தாண்டி உள்ளே கால் வைத்தான்.

அந்த எண்ணெய் ஆலைக்கு அவன் புதிது. அதுவரை கோதுமைக் கிடங்கில் வேலை. கோதுமைக் குவியலில் இறங்கினால் முழங்கால்வரை புதையும், அவ்வளவுதான்; காலூன்றி நிற்கலாம். ஆளி விதை அப்படியல்ல. எள்ளைவிடச் சற்றுப் பெரிது, வழவழவென்றிருக்கும், ஆளைத் தண்ணீர் போல உள்வாங்கிவிடும். ஆனால் நனைந்தால் கோந்துதான். மழைக்குக் கூரை ஒழுகி, மேல்விதை பாளமாக இறுகிக் கிடந்தது. அதைப் பெயர்த்தெடுக்கத்தான் கடப்பாரையோடு போயிருந்தான்.

பாளம் அவனைத் தாங்கியது. "தரை மாதிரி இருக்குடி!" என்றான். பிறகு கடப்பாரையை ஓங்கிக் குத்தினான்.

பாளம் உடைந்ததில் பெரிய சத்தமெல்லாம் இல்லை. அவள் ஏணியேறிப் பார்த்தபோது மார்பளவு விதையில் நின்றிருந்தான். தம்பி கயிறு வீசினான். ஆளி நாரில் திரித்த கயிறு; அக்காவும் தம்பியும் உயிரைக் கொடுத்து இழுத்தும் அறுபடவில்லை. அவனும் அசையவில்லை. அவன் மூச்சு விடும்போதெல்லாம், நெஞ்சு ஒடுங்கிய இடத்தை விதை பிடித்துக்கொண்டது.

"பேசாதீங்க. மெதுவா மூச்சு விடுங்க."

"டீயை அவனையே... குடிக்கச் சொல்லு."

தம்பி கோடரியை எடுத்துக்கொண்டு கீழே ஓடினான். தொட்டியின் அடிப்பலகையைப் பிளந்தான். விதை முற்றத்தில் கொட்டத் தொடங்கியது. கீழே கொட்டக் கொட்ட, மேலே அவன் இறங்கிக்கொண்டிருந்தான். தோள் போயிற்று. கழுத்து போயிற்று. கயிறு அவள் உள்ளங்கையை அறுத்தது.

"நிறுத்துடா! வெட்டாதடா!"

கோடரிச் சத்தத்தில் தம்பிக்குக் கேட்கவில்லை. அவன் வெட்டிக்கொண்டே இருந்தான். மச்சானைக் காப்பாற்றுகிறோம் என்றே வெட்டினான்.

தான் அப்படிக் கத்தியதை அவள் தம்பியிடம் இன்றுவரை சொன்னதில்லை.

முற்றத்து விதையைக் கூட்டி அள்ளி, சலித்து, மறுவாரம் ஆட்டினார்கள். டின்னில் பிடித்தது அவள்தான். எண்ணெய் எப்போதும்போல மஞ்சளாகத்தான் வந்தது.