ஆட்டுக்குடல் தந்தி

அக்காவுக்கு வாய் கொஞ்சம் நீளம். கச்சேரி தொடங்குவதற்கு முன்பே மேடை விளிம்புக்கு வந்து வாய் கிழியப் பேசினாள். பரோக் காலத்து ஐரோப்பிய இசையை அந்தக் காலத்து வாத்தியத்தில்தான் வாசிக்க வேண்டுமாம். இங்கே வயலினிலும் செல்லோவிலும் இருப்பது முந்நூறு வருஷத்துக்கு முந்தி இருந்த மாதிரியே ஆட்டுக்குடலைத் திரித்த தந்தியாம், செயற்கைத் தந்தி என்ற பேச்சுக்கே இடமில்லையாம். சபை கைதட்டியது.

அவள் வயலினின் மேல் தந்தி செயற்கை. போன கச்சேரியில் குடல் தந்தி பாதியில் அறுந்து மானம் போனது. அந்தப் பயத்தில் இன்று மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு மாற்றிவிட்டாள். ஒரே ஒரு தந்திதானே, எந்தக் காது கண்டுபிடிக்கப்போகிறது என்று தனக்குத்தானே சமாதானம் வேறு. இதே காரியத்தை ஒத்திகையில் தங்கை செய்தபோது எல்லோர் முன்னாலும் கழற்றவைத்த மகராசியும் இவள்தான்.

தங்கை இரண்டாவது வயலின். குழுவோடு அவளுக்கு இது முதல் கச்சேரி. தேறினால் சேர்த்துக்கொள்வது, இல்லையென்றால் வேறு ஆள் பார்ப்பது என்று பியானோவுக்கு மூத்த வாத்தியமான ஹார்ப்சிகார்டை வாசிக்கிற நெட்டையர் கறாராகச் சொல்லியிருந்தார். குழு அவருடையது.

மேடை விளக்குச் சூட்டில் குடல் தந்தி தளரும், சுருதி இறங்கும். ஹார்ப்சிகார்டின் கம்பிகளும் இறங்கும். எல்லாம் சேர்ந்தே இறங்குவதால் பெரிய தொந்தரவில்லை. அன்று அக்காவின் மேல் தந்தி மட்டும் அசையவில்லை. மெதுவான பகுதியில் இரண்டு வயலினும் ஒரே ஸ்வரத்தில் வந்து சேர்கிற இடத்தில், பல் கூசுகிற மாதிரி ஓர் உரசல். நெட்டையர் நிமிர்ந்து பார்த்தார். அக்கா என்ன செய்தாள் தெரியுமா? பழக்கதோஷத்தில் தங்கையை முறைத்தாள். முறைத்த பிறகுதான் தன் தந்தி ஞாபகம் வந்தது. அந்தப் பெண்ணோ பயந்துபோய், அடுத்த பகுதி தொடங்குவதற்குள் தன் மேல் தந்தியை அக்காவின் சுருதிக்கு முறுக்கினாள். அது பட்டென்று அறுந்து கன்னத்தில் அடித்தது. சபையில் யாரோ சிரித்தார்கள்.

அதோடு விட்ட இடைவேளையில் பின்னறையில் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"என் காதே சரியில்லக்கா. மாத்துத் தந்தி வச்சிருக்கியா?"

அக்காவின் பெட்டியில் இருந்தது மத்தியானம் கழற்றிய தந்தி ஒன்றுதான். இல்லையென்று அவள் சொல்ல வாயெடுப்பதற்குள் தங்கையே மூடியைத் திறந்துவிட்டாள். சுருளை எடுத்து, தந்தியை முறுக்குகிற பிரடையில் சுற்றியிருந்த நெளிவைத் தடவிப் பார்த்தாள். பிறகு அக்காவின் வயலினைப் பார்த்தாள்.

நெட்டையர் உள்ளே வந்தார். பின்பாதியை இவள் இல்லாமலே ஒப்பேற்றிவிடலாம் என்றார். இப்போதாவது சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அக்காவுக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. தங்கையும் அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"சின்னப் பொண்ணு, வாசிக்கட்டும். நான் பாத்துக்கறேன்," என்றாள் அக்கா.

"உங்களுக்குப் பெரிய மனசுங்க," என்றார் நெட்டையர்.

அக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது. செருப்பால் அடித்திருந்தால்கூடத் தேவலை. தங்கை தலை நிமிராமல் அந்தப் பழைய தந்தியை மாட்டிக்கொண்டிருந்தாள்.

மறுபடி மேடை. எப்போதும் அக்காவைப் பார்த்துச் சுருதி சேர்க்கிறவள், இந்தத் தடவை ஹார்ப்சிகார்டைக் கேட்டுச் சேர்த்தாள். முடித்துவிட்டு அக்கா பக்கம் சாய்ந்தாள்.

"உன் மேல் தந்திய இறக்கிக்கோக்கா. நாங்க எல்லாரும் கீழதான் இருக்கோம்."

சபை பார்த்துக்கொண்டிருந்தது. அக்கா கையைப் பிரடையில் வைத்து, தங்கை போதும் என்று தலையாட்டும் வரை இறக்கினாள்.