மூன்றாம் பாட்டில் நின்ற அடி

எங்கள் இசைத்தட்டில் டிரம்ஸ் அடித்தது நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புத்தளம் மாவட்டத்தில் இதை நம்பியவர்களை எண்ண ஒரு கையே போதும், அதிலும் இரண்டு விரல் மிஞ்சும்.

என் பெயர் நிஸ்ரின். பள்ளிக்கூட பேண்டில் ஆறு வருடம் அடித்துப் பழகிய கை. குழுவில் நாங்கள் நான்கு பேர். ஜோர்ஜ் கிட்டார், நிலுக்சன் பேஸ் கிட்டார், ஜெசிக்கா பாட்டு. அவர்கள் மூவரும் கற்பிட்டிப் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் ஊரில் எவரும் கடலுக்குப் போவதில்லை, அதனால் ஜோர்ஜின் மாமாவுடைய ஐஸ் தொழிற்சாலையும் அன்று ஓடாது. அங்கே சும்மா கிடந்த குளிர் அறை ஒன்றை அவர் எங்கள் ஒலிப்பதிவுக்குத் திறந்துவிட்டார். ஓரடித் தடிப்புள்ள சுவர். வெளியே லொறி போனாலும் உள்ளே கேட்காது. மீன் நாற்றத்தை மட்டும் சகித்துக்கொள்ள வேண்டும்.

அவர்கள் பூசை முடிந்து வருவார்கள். நான் புத்தளத்திலிருந்து என் அண்ணன் முபாரிஸ் நானாவின் ஓட்டோவில் டிரம்ஸ் செட்டோடு வந்து இறங்குவேன். பதினாறு ஞாயிறு, எட்டுப் பாட்டு. பதினாறு ஞாயிறும் சண்டை. ஜோர்ஜ் எந்தப் பாட்டை எடுத்தாலும் பஸ்ஸைத் தவறவிட்டவன் போல ஓடுவான். ஒருநாள் பொறுக்க முடியாமல் குச்சியை அவன் மேல் எறிந்தேன். குறி தப்பவில்லை. அந்தப் பாட்டுத்தான் பிறகு நிதானமாக வந்தது.

இசைத்தட்டுக்கு ‘உப்புத் தண்ணி’ என்று பெயர் வைத்தோம். அட்டைப் படம் எடுக்க வேண்டும். நல்ல கமெரா இருந்தது என் போனில், அதை நான் வேறு யார் கையிலும் கொடுக்கமாட்டேன், அது என் குணம். குச்சிகளை நானாவிடம் நீட்டி, “இதைக் கொஞ்சம் புடிங்க” என்றேன். அவர் கறுப்புக் கண்ணாடியோடு ஓரமாய் நின்றார். முப்பது படத்தில் மற்ற மூவரும் கண்ணை மூடாமல் இருந்தது ஒன்றில்தான். அதில் நானாவும் குச்சியும் சேர்ந்து நல்ல அம்சமாய் விழுந்திருந்தார்கள். தலவிலத் தேவாலயத் திருவிழாவுக்கு முன் வெளிவந்தாக வேண்டும் என்ற அவசரத்தில் நிலுக்சன் அதையே போட்டு, பெயர்களைப் போட மறந்து, இணையத்தில் ஏற்றிவிட்டான். படத்தில் நானாவைக் கண்ட ஓட்டோக்காரர்கள் அவர் பெயரை அதன் கீழே எழுதிப் பரப்பிவிட்டார்கள்.

பாட்டுகள் ஓடின. கற்பிட்டி பஸ்ஸில் ஓடின, மீன் லொறிகளில் ஓடின, திருவிழாவுக்கு வந்தவர்களின் வான்களில் ஓடின. கொழும்பிலிருந்து ஒருவர் பத்திரிகையில் எழுதினார்: “முபாரிஸின் கைகள் இரும்பால் ஆனவை.” நான் இணையத்தில் அந்தக் கட்டுரைக்குக் கீழே போய், “டிரம்ஸ் அடித்தது நான்” என்று எழுதினேன். “நானும்தான் சகோதரி” என்று ஒருவன் பதில் போட்டான். அவனுக்கு நாற்பது லைக். ஜோர்ஜும் விளக்கம் எழுதினான், அதை யாரும் வாசிக்கவில்லை. ஓட்டோ தரிப்பிடத்தில் போய் நேரிலேயே சொன்னேன். நல்ல பகிடி என்று சிரித்தார்கள்.

நானா முதல் வாரம் மறுத்தார். இரண்டாம் வாரம் சும்மா சிரித்தார். மூன்றாம் வாரம் ஒரு இணைய வானொலியில் பேட்டி கொடுத்தார். எப்படி இப்படி அடிக்கிறீர்கள் என்று கேட்டதற்கு, “உள்ளுக்கிருந்து வருது” என்றார். நான் அப்போது சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். எறியவில்லை, கீழே வைத்தேன், கொஞ்சம் பலமாக.

அந்த நேரம் பார்த்துத்தான் கனமூலையிலிருந்து சம்பந்தம் வந்தது. பெண் பெயர் மபாஸா. உப்புத் தண்ணியைக் கேட்டுவிட்டு, டிரம்ஸ் அடிக்கிற மாப்பிள்ளை என்றால் பேசலாம் என்றாளாம். மூன்று வருடமாக நானாவுக்குப் பெண் தேடிக் களைத்த உம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார்.

“நிக்காஹ் முடியிற வரைக்கும் வாயத் தொறக்காத மகள். பொறகு நீயே எல்லாருக்கும் செல்லு.”

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நானா பாவம், அவர் கெட்டவரும் இல்லை. சரி என்று தலையாட்டினேன்.

கனமூலையில் ஆண்கள் முன்னறையில் இருந்தார்கள். உம்மாவும் நானும் உள்ளே போனோம். மபாஸாவின் உம்மா சபூரா வட்டிலப்பமும் தேத்தண்ணியும் வைத்தார். உம்மாமார் இருவரும் கதையில் இறங்கியதும் மபாஸா என்னை மெதுவாகத் தன் அறைக்குள் கூட்டிப்போனாள்.

“ராத்தா, ஒங்கட நானாட்ட ஒண்டு கேட்டுச் செல்றீங்களா?” என்று அக்கா முறை வைத்துக் கேட்டாள்.

“என்ன?”

“மூண்டாம் பாட்டுல, கடைசிக் கட்டத்துக்கு முன்னால ஒரு அடிய விட்டுட்டுப் போறார். எல்லாரும் அது பிழை எண்டு செல்றாங்க. பிழையெண்டா அடுத்த அடி தடுமாறும். இது தடுமாறல்ல, நேரா வந்து விழுது. வேணுமெண்டுதான் விட்டிருக்கார். அது ஏன் எண்டு எனக்குத் தெரியோணும்.”

இத்தனை வாரமாக இந்தப் பாட்டுகளைப் பற்றி எத்தனை பேர் பேசிவிட்டார்கள். ஏன் என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. சொல்லிவிட்டால் நானாவின் சம்பந்தம் போய்விடும். சொல்லாவிட்டால் அந்த அடியும் நானாவுடையதாகிவிடும், அதுவும் இந்த ஒருத்தியிடம். கேட்டுவிட்டு வருகிறேன் என்று வெளியே போய் நானாவை வாசலுக்கு இழுத்துக் கேள்வியைச் சொன்னேன்.

“என்னமும் செல்லு தங்கச்சி,” என்று கிசுகிசுத்தார். “கை நொந்துச்சு எண்டு செல்லேன்.”

கை நொந்ததாம்! அவ்வளவுதான். உம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அந்த வாசலிலேயே நின்றுவிட்டது. நேரே உள்ளே வந்து அறைக் கதவைச் சாத்தினேன்.

“அந்த எடத்துல ஜெசிக்கா மூச்சு எடுக்கிறா. அது கேக்கோணும் எண்டு விட்டன். மத்த மூண்டு பேரும் திருப்பி அடி எண்டு சண்ட புடிச்சாங்க. நான் மாட்டன் எண்டுட்டன். நான்தான் அடிச்சன் மபாஸா, எட்டுப் பாட்டும். நானா படத்துக்குக் குச்சியப் புடிச்சார், அவ்வளவுதான்.”

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு என் கைகளைப் பார்த்தாள். விரலடிகளில் இருந்த காய்ப்பைத் தன் விரலால் தொட்டாள்.

“அந்த மூச்சு எனக்குக் கேட்டிச்சு ராத்தா,” என்றாள். விரலை எடுத்துக்கொண்டு, “அப்ப அவர் என்னதான் செஞ்சார்?”

பொய் சொல்ல இனி ஒன்றும் மிச்சமில்லை. “பதினாறு ஞாயிறும் டிரம்ஸ் செட்ட ஓட்டோவுல கட்டி கற்பிட்டிக்குக் கொண்டு வந்தார். மழைக்குத் தன்ட றெயின்கோட்டக் கழட்டி அதுக்குப் போர்த்தினார். ஒரு நாளும் பிந்தல்ல. பாடத் தெரியாது, அடிக்கத் தெரியாது. புகழ்ந்தா வேண்டாம் எண்டு செல்லவும் தெரியாது.”

மபாஸா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரித்து முடிந்ததும் கதவைத் திறந்து வீடு முழுக்கக் கேட்கக் கூப்பிட்டாள்.

“உம்மா! டிரம்ஸ் அடிச்ச ஆள் இந்தா இங்க இரிக்கிறாங்க! இவங்கட நானாவோட நான் ரெண்டு வார்த்த கதைக்கோணும், அவரப் போகச் செல்லாதீங்க!”

முன்னறையில் நானா பழக்கதோஷத்தில் எழுந்து நின்றுவிட்டு மறுபடி உட்கார்ந்ததை நான் பார்த்தேன். உம்மா நெற்றியில் கை வைத்தார். சபூரா ஒன்றும் விளங்காமல் தட்டத்தோடு வந்து நின்றார். மபாஸா தட்டத்தை வாங்கி, கோப்பைகளை எடுத்துவிட்டு, கவிழ்த்து என் முன்னால் வைத்தாள். இரண்டு கரண்டியும் தந்தாள்.

“மூண்டாம் பாட்டு,” என்றாள்.

அடித்தேன். வீட்டுப் பெண்கள் சுற்றி வந்து நின்றார்கள். உம்மாவும் வந்தார். கடைசிக் கட்டத்துக்கு முன் அந்த இடம் வந்தது. நான் கரண்டியைத் தூக்கி நிறுத்தினேன். ஒரு அடி நேரம் வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதிக்குள், சரியாக அந்த இடத்தில், மபாஸா மூச்சை உள்ளே இழுத்தாள்.

அடுத்த அடியை நான் எப்படி அடித்தேன் என்று எனக்குத் தெரியாது. கண் நிறைந்து தட்டம் தெரியவில்லை. ஆனால் நேராகத்தான் விழுந்தது என்று அவள் சொன்னாள்.