மார்லிஸ் பார்த்த ஒன்பது விநாடி

அமெரிக்காவில் டுலூத் என்ற ஊரில், தீயணைப்பு நிலையங்களுக்கு மென்பொருள் எழுதித் தரும் சின்னக் கம்பெனி அது. ஒரு மாதமாக, அழைப்பு வந்ததும் நிலையத்துத் திரை ஒன்பது விநாடி அப்படியே உறைந்து போகிறது. வீடு எரிகிறபோது ஒன்பது விநாடி எவ்வளவு நீளம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம், கண்ணுகளா.

பழி, வண்டிக்கு வழி காட்ட ஓடெல் என்ற இளைஞன் எழுதிச் சேர்த்த வரைபடத்தின் மேல் விழுந்தது. ஒரு வருஷ உழைப்பு. போன மாதம்தான் சேர்த்தார்கள். மூன்று மணிக் கூட்டத்தில் அதைத் தூக்கிவிடப் போகிறார்கள். தூக்கச் சொன்னவள் மார்லிஸ், அங்கே எல்லோருக்கும் மூத்தவள்.

"பதிவ நீயே பாரு. கம்ப்யூட்டரோட முக்காவாசி சக்திய உன் வரைபடந்தான் திங்குது."

"வேலை செய்யறவன் திங்கத்தானே செய்வான், தாயே! சும்மா தூங்கறவன யாரும் கேக்க மாட்டீங்களா?"

"வாய் மட்டும் குறையல" என்று சிரித்தாள். ஆனால் அந்தப் பேச்சு மனதில் உறுத்தியது.

கணினிக்குள் எந்த வேலை எப்போது ஓடியது, எப்போது உறங்கியது, எது எதை எழுப்பியது என்று எல்லாமே அந்தப் பதிவில் இருக்கும். அவசரத்தில் எல்லோரும், அதிகம் ஓடியது எது என்று காட்டும் உயரமான கோட்டைத்தான் பார்ப்பார்கள். அவளும் அதைத்தான் பார்த்திருந்தாள். இப்போது உறங்கியவர்கள் பட்டியலைத் திறந்தாள்.

அந்த ஒன்பது விநாடியும் திரை ஓடவே இல்லை. உறங்கிக் கிடந்தது. அதை எழுப்பியது யார்? திரையின் ஒவ்வொரு அடியையும் குறித்துவைக்கும் நாட்குறிப்புப் பகுதி; அது எழுதி முடிக்கும்வரை திரை நகராது. அது இத்தனை நேரம் எதற்காகக் காத்திருந்தது? பக்கத்துக் கட்டடத்துச் சர்வரில் ஒரு கோப்பில் எழுதுவதற்காக. திரை எங்கே தாமதிக்கிறது என்று கண்டுபிடிக்க மார்லிஸே எழுதிய நாட்குறிப்பு அது. இடம் மிச்சமாகட்டும் என்று போன மாதம் அந்தக் கோப்பை அங்கே மாற்றியதும் அவள்தான்.

கூட்டத்துக்கு இருபது நிமிஷம் இருந்தது. பேசாமல் இருந்தால் வரைபடம் போய்விடும். நாளைக்குத் தன் நாட்குறிப்பைச் சத்தமில்லாமல் திருத்திவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. காபி ஆறும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

கூட்டத்தில் அந்தப் பதிவைச் சுவரில் போட்டு, தன் நாட்குறிப்பின் வரியைப் பெரிதாக்கினாள்.

"இது யாரு எழுதினது?" என்றார் மேலாளர் ஹால்வர்.

"நாந்தாங்க. வரைபடம் இருக்கட்டும். என் கோப்பை இன்னைக்கே பழைய இடத்துக்குக் கொண்டு வந்துடறேன்."

ஓடெல் மெதுவாக அவள் பக்கம் சாய்ந்தான்.

"அந்த வரியக் கொஞ்சம் சின்னதாக்குங்க, தாயே. எல்லாருக்கும் நல்லாவே தெரிஞ்சுபோச்சு."